முழங்கால் சேறு

ரெத்தினத்தின் மகள் இமயமலை ஏறப் போகிறாள் என்ற செய்தியைத் தெரு முதலில் நம்பவே இல்லை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அதுவும் பெயரளவில்தான் மலை, மூச்சு வாங்குவதற்குள் படி முடிந்துவிடும். பொன்னுத்தாய் கும்பகோணத்துக்குக் கல்லூரி போனதும், என்.சி.சி.யில் சேர்ந்து காக்கி உடுப்புப் போட்டதும் ஏற்கெனவே பெரிய சங்கதி. இப்போது வடக்கே ஒரு பனிமலையில் ஏற மாநிலம் முழுக்கப் பெண்பிள்ளைகளைப் பொறுக்குகிறார்களாம். கடைசித் தேர்வு தஞ்சாவூரில், இவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. ரெத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடை அப்துல் வஹாபிடம், அந்த மலையில் மேகமெல்லாம் காலுக்குக் கீழேதான் போகும் என்று தானே போய்வந்த மாதிரி அளந்தார்.

ரெத்தினம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காத மனுஷர், சொந்த மச்சானையே சங்கத்தை விட்டு நீக்கியவர் என்று ஊர் ஊராகப் பேச்சு. அந்தப் பெயர் அவருக்குச் சோற்றைவிட ருசித்தது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

பனியில் முழங்கால் வரை புதையும், முதுகில் மூட்டையோடு காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடக்கிறவள்தான் தேறுவாள் என்று என்.சி.சி. அதிகாரி சொல்லியிருந்தார். பொன்னுத்தாய் மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அரசலாற்று மணலில் நடந்து பழகினாள். ஆற்றில் தண்ணீர் வந்து மணல் மூழ்கிப் போனது. முழங்கால் புதைய வேறு எங்கே போவது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. சம்பாவுக்குச் சேற்றுழவு போட்ட வயல் இருக்கவே இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தில் உழுது கிடந்ததெல்லாம் பண்ணையின் நிலம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. சட்டத்தில் எழுதியிருந்த கூலியைத்தான் கேட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் ஏழைகளின் அரசு என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். சமாதானம் பேச வந்த தாசில்தார் என்னவோ பண்ணைவீட்டு நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தார். பசி தாங்காமல் சிலர் விடியுமுன் திருட்டுத்தனமாக நடவுக்குப் போக ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க ரெத்தினமே ஒரு ஏற்பாடு செய்தார். தினமும் சாயங்காலம் கொடிக்கம்பத்தடியில் ஒவ்வொருவரும் காலைக் காட்ட வேண்டும். நடவுச் சேறு எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். சேறு இருந்தால், போராட்டம் முடியும்வரை அவர்கள் தெருவைத் தாண்டக் கூடாது.

வயலில் இறங்குமுன் பொன்னுத்தாய் அப்பாவைக் கேட்டாள். நாற்றைத் தொட மாட்டேன், சும்மா நடக்க மட்டும் செய்கிறேன் என்றாள். கூட்டத்தில் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்த ரெத்தினம், "நட தாயி, நல்லா நட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவள் நகக்கண்ணில் சேறு இருந்ததை வைரக்கண்ணு பார்த்துவிட்டான். அவன் பெண்சாதி இதே குற்றத்துக்காக வீட்டோடு கிடந்தாள். அவன் ரெத்தினத்தைப் பார்த்தான். தெருவே பார்த்தது.

நான்தான் போகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது ரெத்தினத்தின் நாக்கு நுனிவரை வந்தது. செயலாளர் மகளுக்கு ஒரு நியாயம், ஊரான் பெண்சாதிக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் அதை விழுங்கிக்கொண்டார். பொன்னுத்தாய் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

நடவுக்காரி கண்ணாத்தாள்தான் வாயைத் திறந்தாள். "பரீட்சைக்குப் போற புள்ளண்ணே. வேலைக்கா போயிருக்கும்? விட்டுடுங்க, நாங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்" என்றார் ரெத்தினம்.

யாரோ கை தட்டினார்கள். அந்த நேரத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது நிஜம்.

தேர்வு நாளன்று தஞ்சாவூர் பஸ் வழக்கம்போலத் தெருமுனையில் நின்றுவிட்டுப் போனது. பொன்னுத்தாய் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, காக்கி உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் அழுதிருந்தால்கூட ரெத்தினத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பண்ணை இறங்கி வந்தது. கேட்ட கூலி கிடைத்தது. தெருவில் வெடி போட்டார்கள். ரெத்தினம் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடி, அதிகாரியைத் தேடிப் பிடித்துக் கெஞ்சினார். ஆட்களை எடுத்து முடித்தாயிற்று, பிள்ளைகள் ரயிலேறிவிட்டார்கள் என்றார் அவர். நல்ல பெண்ணாயிற்றே, ஏன் வரவில்லை என்றும் விசாரித்தார். காய்ச்சல் என்றார் ரெத்தினம். அங்கேயும் உண்மை வாயில் வரவில்லை.

திரும்பி வந்தபோது பண்ணை வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பொன்னுத்தாயும் பெண்களோடு நின்று நட்டுக்கொண்டிருந்தாள். ரெத்தினம் வரப்போரமாக அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். போன காரியம் ஆகவில்லை என்று சொன்னார்.

"தப்பு எம்மேலதான் தாயி. நாளைக்குச் சங்கத்துல எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லிப்புடறேன், நாந்தான் போவச் சொன்னேன்னு."

பொன்னுத்தாய் கையில் நாற்று முடியோடு நிமிர்ந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம்ப்பா. அன்னிக்கு நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. நானா சொல்லி உன்னைய எறக்கிட்டா, எல்லாரும் பிரிஞ்சு போயிடுவாங்கன்னுதான் பேசாம நின்னேன். இப்பப் போயி அது தப்புன்னு நீ சொன்னா, நான் எதுக்குப்பா போவாம இருந்தேன்?"

சொல்லிவிட்டுக் குனிந்து நடத் தொடங்கினாள்.

நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு அந்த வரப்பில் வந்த வைரக்கண்ணு அவரைக் கண்டதும் நின்றான். உங்களைப் போல ஒரு மனுஷர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று மனசாரச் சொன்னான். மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ரெத்தினம் அவனைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினார்.