இருக்காரு மேடு

"அண்ணே, இவருக்கு ஒரே குளிர்காய்ச்சல். பெரட்டுல பேரு வந்தா ஒரு குரல் குடுத்துடுங்க."

விடிகாலையில் அடுத்த வீட்டு நல்லசாமியிடம் முத்தாயி கேட்டது இவ்வளவுதான். பெரட்டு என்பது மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலைக்குப் போகும்முன் மேட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் வாசிப்பது. வராதவனுக்கு ஜப்பான்காரன் அரிசிப் பங்கை வெட்டுவான். அதனால் படுத்தவனுக்கு நிற்பவன் குரல் கொடுப்பது தோட்டத்து வழக்கம்.

"ஒம் புருசனுக்குத் தவளைக் குரலாச்சே, தாயி. அதுமாதிரி கத்திப் பாக்குறேன்" என்று நல்லசாமி சிரித்தான்.

பெயர் வாசித்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் சிவசிதம்பரம் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகும் டையைக் கழற்றாதவர். துரைக்குக் குனிந்த அதே அளவு சிப்பாய்களுக்கும் குனிந்தார். அவர் இடுப்பு புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

"மணியம்!"

"இருக்கேங்க."

"வீரமுத்து!"

"இருக்கேங்க!" அசல் தவளை. வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

குரல் கொடுத்த ஆண்களெல்லாம் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு என்று அப்புறம்தான் சொன்னார்கள். லாரியில் எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. சிப்பாய்கள் குடியிருப்பு லயத்துக்குப் போய் வீரமுத்துவைக் கம்பளியோடு இழுத்துவந்தார்கள். அன்று பெரட்டுக்கே வராத மூன்று பேரை யாரும் தேடவில்லை.

முத்தாயி கிராணியின் காலைப் பிடித்தாள். "ஐயா, அவரு இங்க வரவே இல்லீங்க!"

"இருக்கிறன் எண்டு குரல் வந்தது, பிள்ளை. நான் எழுதிப்போட்டன்." முதல்முறையாக அவருடைய டை கோணியிருந்தது.

லாரியில் நின்ற நல்லசாமி, அது புறப்படும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

லாபு ஊர்ப் பக்கத்து அந்த மேட்டில் இன்று கோயில் தலைவர் பளிங்குப் பலகை வைத்திருக்கிறார். முனீஸ்வரர் அங்கே 'இருக்காரு' என்று அசரீரி ஒலித்ததாம். பலகையில் தலைவர் பெயர் முனீஸ்வரர் பெயரைவிட ஒரு விரல் பெரியது. அசரீரிக்குத் தொண்டை ஒன்று இருந்ததை அதில் எழுத இடமில்லை.

லாரி போன மறுநாளிலிருந்து பட்டியலில் வீரமுத்து பெயர் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் முத்தாயி, "இருக்காருங்க" என்றாள். வேலையை மேய்க்கும் மண்டோர் அதட்டினான். அடுத்த நாளும் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, அந்த இடம் வந்ததும் கிராணி வாசிப்பதை நிறுத்தி, கூராக இருந்த பென்சிலையே சீவத் தொடங்கினார். அவள் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த பெயர்.

ஒரு மழைநாளில் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"இருக்காருங்க."

அசல் தவளைக் குரல். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.