ஒன்பதாம் பாகத்தில் குடியேறியவர்கள்

செந்தூர்பாண்டிக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டாரிடம் மூன்று தகுதிகளைச் சொன்னார்கள். சிவகாசியில் மூன்று தலைமுறையாகப் பட்டாசுக் கம்பெனி. ஒரே பையன். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நாலாவதாக ஒன்று இருந்தது, அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பையன் ‘வல்காரா’ விளையாடுவான்.

வல்காரா என்பது ஜப்பான்காரன் தயாரித்த வீடியோ கேம். ஒன்றல்ல, ஒன்பது பாகம். முதல் பாகம் வந்தபோது செந்தூர்பாண்டி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. ஒன்பதாம் பாகம் வந்தபோது கம்பெனியில் டைரக்டர். டைரக்டர் என்றால் ஏசி அறை, பெயர்ப் பலகை, சுழலும் நாற்காலி. வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த யூனிட்டுக்கு ஆயுத பூஜை அன்று மட்டும் போவான், பொரிகடலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். பட்டாசுக்குத் திரி எந்தப் பக்கம் இருக்கும் என்பது தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் இல்லை. ஆனால் வல்காரா நாட்டு அரச குடும்பத்தில் யார் யாருக்குப் பெரியப்பா மகன் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவான்.

கேட்காவிட்டாலும் சொல்லுவான். அதற்கென்று யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தான். இருநூறு சொச்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள், போனஸ் போடுகிற அன்று காலையில் சேர்ந்தவர்கள். அந்த சேனலில் அவன் திரும்பத் திரும்பச் சொன்ன கொள்கை ஒன்றே ஒன்றுதான்: இடையில் ஆரம்பிக்கக் கூடாது. “ஒன்பதாம் பாகம் நல்லாருக்குன்னு சொல்றாங்க, அதிலிருந்து தொடங்கலாமா?” என்று அருப்புக்கோட்டையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். “அஸ்திவாரம் தோண்டாம மொட்டைமாடியில தண்ணித்தொட்டி கட்டுவீகளா?” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பதில் சொன்னான். கேட்டவர் அன்றைக்கே சேனலை விட்டுப் போய்விட்டார். உண்மையான ரசிகன் இல்லை, அதனால்தான் தாங்கவில்லை என்று செந்தூர்பாண்டி முடிவு செய்தான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் யோகேஸ்வரி, விருதுநகர் எண்ணெய் மண்டிக்காரர் மகள், எம்.காம். படித்தவள். சீசன் நேரம் என்பதால் தீபாவளி வரைக்கும் வீடு லாரியும் லோடும் ஆர்டருமாகப் பறந்தது. மருமகள் வந்திருக்கிறாள் என்பதே மாமனாருக்கு மூன்றாம் வாரம்தான் நினைவு வந்தது. தீபாவளி முடிந்ததும் ஊர் அடித்துப்போட்ட மாதிரி படுத்துவிட்டது. கம்பெனிக்குப் பூட்டு. அப்படி ஒரு மத்தியானம், மாடி அறையில் யோகேஸ்வரியின் கண்ணில் ஒன்பதாம் பாகத்தின் டப்பா பட்டது. அட்டையில் வெள்ளைக் குதிரை ஒன்று, பிடரி மயிரெல்லாம் நீலத் தீயாக நின்றது.

“என்னங்க, குதிரை அம்சமா இருக்கே. நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா?”

கர்ப்பக்கிரகத்துக்குள் செருப்போடு வரலாமா என்று கேட்டதுபோல் அவன் திடுக்கிட்டான்.

“இது ஒன்பதாம் பாகம்.”

“சரி.”

“என்ன சரி? இந்தக் குதிரை யாரு தெரியுமா? மூணாம் பாகத்துல பனிமலையில செத்துச்சே செவலைக் குதிரை, அதோட வம்சம். அதுக்கு அழாதவ இது மேல ஏறக் கூடாது.”

“ஏறி உக்காந்துக்கிட்டு அழுதா ஆகாதா?” என்றாள். பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். “நீங்களே இன்னும் பிரிக்கலை போலயே?”

அது ஒரு விரதம் என்று விளக்கினான். ஒன்றிலிருந்து எட்டு வரை மறுபடியும் முறையாக முடித்துவிட்டுத்தான் ஒன்பதைத் தொடுவதாகச் சங்கல்பம். இப்போது ஐந்தாம் பாகத்தில் இருக்கிறான், சீசன் வேலையால் சுணங்கிவிட்டது. அந்த ஐந்தாம் பாகத்தில் ஒரு சுங்கச்சாவடிக் காவலனிடம் ஆடி மாசத்திலிருந்து தினமும் அடி வாங்கிக்கொண்டிருப்பதை அவன் சொல்லவில்லை.

மறுநாளே யோகேஸ்வரிக்கு முதல் பாகத்தில் பாடம் தொடங்கியது. பரணில் கிடந்த பழைய கேம் பெட்டியை இறக்கித் துடைத்து டிவியில் மாட்டினான். அந்தக் காலத்துக் கேம் அல்லவா, ஆட்கள் எல்லாம் அரிசி மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி நடந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கட்டம். யோகேஸ்வரி காட்டுக்குள் போனாள், மரத்தில் முட்டினாள், திரும்பி வந்தாள், வேறொரு மரத்தில் முட்டினாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செந்தூர்பாண்டி விரலை நீட்டி விளக்கிக்கொண்டே இருந்தான்.

“இந்தாளு யாருங்க?”

“இவன் இப்ப கெட்டவன். நாலாம் பாகத்துல நல்லவனா மாறுவான்.”

“அப்ப நாலாம் பாகத்துல பேசிக்கிடுவோமே.”

“அப்படித் தாண்டக் கூடாது யோகு. இப்ப அவனை வெறுத்தாத்தான் பின்னாடி உருக முடியும்.”

ஒரு வாரம் முயன்றும் அவளால் அந்த அரிசி மூட்டையை வெறுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். இன்னும் பக்குவம் வரவில்லை என்று அவன் பெருமூச்சு விட்டான். அந்தச் சமயத்தில் அப்பா தனுஷ்கோடி, வடக்கே வியாபாரிகளைப் பார்த்து அடுத்த சீசன் ஆர்டர் பிடித்து வரச் சொல்லி அவனைப் பாட்னாவுக்கு அனுப்பினார். அவன் வியாபாரிகளோடு டீ குடித்துவிட்டு வந்தான், ஆர்டரை மேனேஜர் போனிலேயே பிடித்துவிட்டார்.

திரும்பி வந்த அன்று வாசலில் அவனை வரவேற்க யாரும் இல்லை. மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் போனான். டிவி முன்னால் பாய் விரித்து, கையில் கன்ட்ரோலரோடு அவன் அம்மா ஆவுடைத்தாய் உட்கார்ந்திருந்தாள். ரிமோட்டில் சத்தம் கூட்டக்கூட அவனைக் கூப்பிடுகிற அம்மா. பக்கத்தில் யோகேஸ்வரி. திரையில் வெள்ளைக் குதிரை நாலு கால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தது.

“வாலே பாண்டி. சோறு மேசையில இருக்கு, போட்டுச் சாப்பிடு. இப்ப எந்திரிக்க முடியாது, கோட்டைக்குள்ள இருக்கோம்.”

பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவன் தானாகச் சோறு போட்டுச் சாப்பிட்டது கிடையாது. அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

“யம்மா! முதல் எட்டுப் பாகம் தெரியாம இதுல ஒண்ணுமே புரியாது.”

“என்ன புரியாம? பெரிய ராசா செத்துப்போனான். ரெண்டு மகன். மூத்தவன் கோட்டையையும் சொரங்கத்தையும் எழுதி வாங்கிக்கிட்டு எளையவனுக்கு முள்ளுக்காட்டைத் தள்ளிவிட்டுட்டான். கேட்டா, அங்கன காத்தோட்டமா இருக்கும்ங்கான். பாகப்பிரிவினைதானலே? இதுக்கு எதுக்கு எட்டுப் பாகம்?”

எட்டுப் பாகத்தையும் சேர்த்துப் பலகையில் வம்சப்படம் வரைந்து, நாலு வீடியோவில் அவன் விளக்கிய வரலாறு அது. அம்மா அதை வெற்றிலை கிள்ளுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு வார்த்தை தப்பில்லை என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“இதெல்லாம் முதல்ல இருந்து வந்தாத்தான் அனுபவிக்க முடியும்மா.”

“பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருந்தேன்ல, அப்ப பக்கத்துக் கட்டில்காரி ஒரு சீரியல் பாத்தா. எறநூறு நாள் ஓடிப்போன சீரியல். மூணு நாள்ல எனக்கு யாரு யாரைக் கெடுக்கான்னு வெளங்கிருச்சு. கெட்டவளுக்குப் பொட்டு பெருசா இருக்கும். உலகத்துல யாருலே சீரியலை மொத நாள்ல இருந்து பாக்கா?”

கடைசி ஆயுதமாக ஒரு பரீட்சை வைத்தான். சேனலில் புதியவர்களை விரட்ட அவன் வைத்திருந்த கேள்வி அது. “சரி, வல்காராவோட முதல் ராணி பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்.”

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரு அத்தை, அந்த மொட்டைக் கோபுரத்துல பேயா அலையுதே, அதுவா?”

“அதுதான். பேரு தெரியலைலே, ஆனா நல்ல பொம்பளை. கேட்டதும் சாவியைக் குடுத்துருச்சு.”

செந்தூர்பாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது. முதல் ராணி ஒன்பதாம் பாகத்தில் திரும்பி வருகிறாள். இருபது வருஷமாக ரசிகர்கள் தவம் கிடந்த செய்தி. அதைப் படுபாவிகள் இருவரும் பருப்பு விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டார்கள். “சொல்லாதீக! மேக்கொண்டு எதையும் சொல்லாதீக!” என்று காதைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினான்.

அன்றிலிருந்து சொந்த வீட்டில் அவனுக்கு நடமாட்டம் குறைந்துபோனது. பெண்கள் இருவரும் கோட்டையை விட்டுக் கோட்டை பிடித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள், போன இடத்துக் கதையெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. சமையல்கார சோலையம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே, “எளையவன் நாளைக்குப் படை எடுப்பானாம்மா?” என்று கேட்டாள். செந்தூர்பாண்டி தட்டோடு எழுந்து ஓடினான். ஒருநாள் ஆவுடைத்தாய் ஆத்திரத்தில், “தம்பியை ஏமாத்துனவன் உருப்பட மாட்டான், அந்த மூத்தவனுக்கு நல்ல சாவு வராது பாரு” என்றாள். தனுஷ்கோடி சாம்பார் பிசைவதை நிறுத்திவிட்டார். எதிர்த்த காம்பவுண்டில்தான் அவர் தம்பி குடியிருந்தார். பாகம் பிரித்தபோது அச்சாபீஸ் இவருக்கு வந்தது, விஸ்வநத்தம் பக்கத்துப் பொட்டல் அவருக்குப் போனது. “கேம்லதானே?” என்று தனுஷ்கோடி மெதுவாகக் கேட்டார். “கேம்லதான்” என்றாள் ஆவுடைத்தாய், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பொறுக்க மாட்டாமல் செந்தூர்பாண்டி மனைவியிடம் தீர்ப்பாகச் சொன்னான். “இந்த வீட்டுல விளையாடணும்னா ஒண்ணுல இருந்து விளையாடணும். இடையில நொழையறது மரியாதை இல்லை.”

யோகேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“கம்பெனியில தாத்தா மொதப் பாகம். வெடிமருந்து கலந்து, கையில கொப்புளம் வாங்குனவுக. மாமா ரெண்டாம் பாகம், சைக்கிள்ல சரக்குக் கொண்டு போனவுக. நீங்க எந்தப் பாகத்துல வந்தீக? நேரா ஏசி ரூமுல வந்து எறங்கிட்டீக. வாசல்ல நிப்பாட்டி உங்களை யாராச்சும் கேள்வி கேட்டாகளா?”

அவனிடம் பதில் இல்லாமல் இல்லை. அது வேறு, இது வேறு என்பது பதில். எப்படி வேறு என்பதுதான் அப்போதைக்கு ஞாபகம் வரவில்லை.

தை பிறந்ததும் கம்பெனியில் புது சீசனுக்கு லேபிள் முடிவு செய்கிற கூட்டம் நடந்தது. செந்தூர்பாண்டி வருஷத்தில் ஒரே ஒரு வேலை செய்வான் என்றால் அது இதுதான். புதிதாக வருகிற வாணவெடிப் பெட்டிக்கு ஒன்பதாம் பாகத்து வெள்ளைக் குதிரையைப் போடச் சொல்லியிருந்தான். அட்டைப் படத்தைத் தாண்டி அவனுக்கு எதுவும் தெரியாதே, அதனால் அட்டைப் படத்தையே போடச் சொன்னான். ஜப்பான்காரனிடம் கேட்க வேண்டாமா என்று டிசைனர் பாலகுரு தயங்கியபோது, “அவன் என்ன சிவகாசிக்கு வந்து வெடி வாங்கப் போறானா?” என்று அடக்கிவிட்டான்.

பாலகுரு கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். மேனேஜர், அச்சாபீஸ் ஆட்கள் எல்லோரும், “பிரமாதம் சின்ன முதலாளி” என்றார்கள். அவர்கள் எதைக் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள். தனுஷ்கோடி மட்டும் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஏன்டா, கடைசியில செத்துப்போற குதிரையையா தீபாவளிப் பெட்டியில போடுவ? அபசகுனமா இருக்காது?”

பாலகுரு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“என்னப்பா?”

“அதான், அந்த மூத்தவன் எய்யுற அம்புக்குக் குறுக்க வந்து விழுந்து, எளையவன் மடியில உயிரை விட்டுச்சாமே. நேத்து உங்கம்மா அழுத அழுகையில எனக்குக் காப்பிகூடக் கெடைக்கலை. உனக்குத் தெரியாதா? நீதானடா இதுல பெரிய ஆளு?”

இருபத்து மூன்று வருஷத் தவத்தை, கேம் என்றால் சீட்டுக்கட்டு என்று நினைக்கிற ஒரு மனுஷன் ஒரே வாக்கியத்தில் கலைத்துவிட்டார். செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கியது. கடைசியில் அந்தக் குதிரைக்கு அவன் அழத்தான் செய்தான், ஏறி உட்காராமலே. பெரிய முதலாளி திட்டியதால் அழுகிறார் என்று நினைத்து மேனேஜர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். குதிரைக்குப் பதில் தாமரைப்பூ என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனான். விரதமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஒன்பதாம் பாகத்தைப் போட்டு உட்கார்ந்தான். பழைய பாகங்களில் ஓடுவதற்கு இருந்த பட்டன் இதில் குனிவதற்கு மாறியிருந்தது. நகர வாசலில் நின்ற சாதாரண வேலைக்காரப் பூதம் அவனைத் தூக்கி எறிந்தது. எழுந்தான், ஓடுவதாக நினைத்துக் குனிந்தான், மறுபடியும் எறிந்தது. தாழ்வாரத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். யோகேஸ்வரியும் வந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கதவோரம் நின்று பார்த்தார்கள்.

“பாவம் அத்தை. புது ஆளு, அப்படித்தான் இருக்கும்” என்றாள் யோகேஸ்வரி. குரலில் கேலிகூட இல்லை, அதுதான் அவனைச் சுட்டது.

“குடுலே இங்கன. கையைப் புண்ணாக்கிக்கிடாத” என்று அம்மா கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். பூதம் ஒரே அடியில் விழுந்தது. வாசல் திறந்தது. செந்தூர்பாண்டி பின்னால் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தான். வாசலுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவன் வந்து, ஆவுடைத்தாயின் ஆளைக் கட்டிப்பிடித்து அழுதான். எட்டுப் பாகத்தையும் கரைத்துக் குடித்தவனுக்கு அவன் யாரென்று தெரியவில்லை.

“யம்மா, இந்தாளு யாரு?”

“பேசாம பாருலே. போகப் போகப் புரியும்.”