கடைவாய்ப் பள்ளம்

ஒரு நாளைக்கு எட்டு வாய் பார்க்கிறவள் நான். யார் புகை பிடிக்கிறார், யார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், யார் ஒரு வாரமாகத் தேய்க்காமல் இருந்துவிட்டு இன்று காலை மட்டும் அவசர அவசரமாகத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார், எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். என் அப்பாவின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு மாரடைப்பு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் இன்னொருத்தர் சொல்லி.

சொன்னவர் இதய டாக்டர். அப்பாவின் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றியவர். எட்டாவது வாரப் பரிசோதனையில் அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் முகம் சுளித்தார்.

"ஈறெல்லாம் வீங்கியிருக்கே. பல் தேய்க்கிறதே இல்லையா?"

"தேய்ச்சா ரத்தம் வருது சார். பயந்து விட்டுட்டேன்."

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போனதுலேருந்து."

இரண்டு மாதம். ஒரே குளியலறை. என் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் அவருடைய பிரஷ் காய்ந்து விறைத்து நின்றிருக்கிறது. நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுல எடுத்துச் சொல்ல ஆள் இல்லையா?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "என் பொண்ணு பல்லுக்குத்தான் சார் படிச்சிருக்கு. எங்க குடும்பத்துலயே முதல் டிகிரி."

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் ஒரு மேசைக்கடியாவது காலியாக இருந்திருந்தால் உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன்.

ஈறில் ஊறிக் கிடக்கும் கிருமி ரத்தத்தில் கலக்கும், அடிபட்ட இதயத்துக்கு அது ஆகாது, வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள் என்றார். கடிதமும் எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவை மூடாமலே சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. தினமும் சாப்பிடுற அந்த வெள்ளை மாத்திரையும் ரோஸ் மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்கத்தான். அதனால ஈறுல ரத்தம் வரும், நிக்க நேரமாகும். வரட்டும். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா உள்ள வெச்ச ஸ்டென்ட் அடைச்சுக்கும். அடைச்சா, திரும்ப இங்க வந்து சேர நேரம் கிடைக்குமான்னு தெரியாது."

அப்பா தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் அவர்.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முப்பது வருஷம் சாரத்தில் ஏறி அடுத்தவர் சுவரைச் சுரண்டினார். பல் வலித்தால் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மத்தியானமே வேலைக்குப் போய்விடுவார். அப்படிப் பிடுங்கியதுதான் இடது கீழ்க் கடைவாய்ப் பல். சிரிக்கும்போது வாயைத் திறக்கமாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும். அடக்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். காறைப் பல்லை மறைக்கிறார் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

எனக்குப் பல் சுத்தம் செய்யும் இந்த வேலை கிடைத்தபோது அத்தை வீட்டுக்கே வந்து கேட்டாள். "நாலு வருஷம் படிச்சிட்டுக் கண்டவன் வாயைக் கழுவப் போறாளாமே?"

"நான் கண்டவன் சுவரைச் சுரண்டித்தானே அவளைப் படிக்க வெச்சேன்?" என்றார் அப்பா. "அவளுக்கும் என் தொழில்தான். சுவரு கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்." அத்தை டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

முதல் முறை அவரை எங்கள் கிளினிக்குக்கு அழைத்துப் போனது ஒரு காலை பத்து மணிக்கு. இதயம் அடிபட்டவர்களை அவசரப்படுத்தக் கூடாது, நெடுநேரம் உட்கார வைக்கக் கூடாது, மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. நாற்காலியைப் பாதிச் சாய்வில் நிறுத்தினேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

"என்ன பாப்பா, பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஏணியை ஆட்டிப் பாக்கிற மாதிரி பாக்கிற?"

"வாயைத் திறங்கப்பா."

"திட்டக் கூடாது."

"திறந்தாத்தானே தெரியும் திட்டணுமா வேண்டாமான்னு."

திறந்தார். திட்டத்தான் தோன்றியது. பல்லும் ஈறும் சேரும் இடமெல்லாம் மஞ்சளாகக் காறை. ஈறு பழுத்த தக்காளித் தோல் மாதிரி மினுமினுவென்று வீங்கியிருந்தது. உருப்படியாக இருந்தது ஒரே இடம், பல் இல்லாத அந்தக் கடைவாய்ப் பள்ளம். அங்கே மட்டும் ஈறு ரோஜா நிறத்தில் கெட்டியாக இருந்தது. அதையும் அட்டையில் குறித்துவைத்தேன்.

வலது பக்கக் காறையை மட்டும் அன்று சுரண்டி எடுத்தேன். டாக்டர் சொன்னபடியே ரத்தம் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. பஞ்சை மடித்துக் கடிக்கக் கொடுத்து, மேலே விரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். பதினெட்டு நிமிஷம். என் வெள்ளைக் கோட்டில் தெறித்திருந்தது.

அப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். கிளினிக் அவருடையது. நான் அங்கே சேர்ந்து ஐந்து மாதம், ஆறாவது மாத முடிவில்தான் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர் தீர்மானிப்பார். தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"சொந்த அப்பாங்கிறதால கை நடுங்கிடுச்சா?"

"இல்ல டாக்டர். அவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார், அதனால..."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிரு. இன்னொரு பேஷன்ட் இதைப் பாத்தா ஓடிடுவான். அடுத்த தடவையும் இப்படின்னா நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அப்பாவின் தாடையை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் வாயில் பஞ்சு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே படித்திருக்க வேண்டும். பல்லைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், கண்ணைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா என் கோட்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கசக்கினாள். அப்பா வாசற்படியில் நின்று தண்ணீர் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுமா?" என்றார்.

"கறைதானே, போயிடும்," என்றாள் அம்மா.

நான் வாங்கி வந்த மென்மையான பிரஷ்ஷால் மறுநாளிலிருந்து அவர் ஒழுங்காகத் தேய்க்க ஆரம்பித்தார். ஆரம்பத்தில் சுவரைத் தேய்ப்பதுபோல் இழுத்து இழுத்துத் தேய்த்தார். "அப்பா, அது சுவரில்ல" என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். மாத்திரைக்குக் காவல் அம்மா. காலைச் சாப்பாடு முடிந்ததும் வெள்ளையையும் ரோஸையும் அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரையும் கையில் கொடுப்பாள். விழுங்கியதும், "ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க." சிறைக் காவலர்கள்கூட அவ்வளவு பார்ப்பார்களா தெரியாது.

இரண்டு வாரம் கழித்து இடது பக்கம் எடுக்க வந்தோம். ஈறு கொஞ்சம் வற்றியிருந்தது, ஆனால் இடது பக்கம் இன்னும் சிவப்புதான். இரண்டு கோட்டு கொண்டுவந்திருந்தேன். பஞ்சை மலைபோல் மடித்து வைத்திருந்தேன். முன்பற்களிலிருந்து ஆரம்பித்தேன். ரத்தம் வந்தது. துடைத்தேன். நின்றுவிட்டது.

அடுத்த பல். வந்தது, நின்றது.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். தட்டில் ரெண்டே ரெண்டு பஞ்சு. கோட்டில் பொட்டுக்கூட இல்லை. "பாத்தியா? கை பழகிடுச்சு. இப்படித்தான் இருக்கணும்."

ஐந்து மாதமாக அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தவள் நான். ஜிவ்வென்று இருந்தது. அப்பாவின் கண் பளபளத்தது. தோள் குலுங்கியது.

கன்னத்தை வாய்க் கண்ணாடியால் விலக்கிக்கொண்டே பின்னால் போனேன். கடைவாய்ப் பள்ளத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

போன தடவை ரோஜா நிறத்தில் இருந்த இடம். இப்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக வெந்திருந்தது. ஓரத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தது. இதை நான் படிக்கும்போது படத்தில் பார்த்திருக்கிறேன். பல் வலிக்கு மாத்திரையை விழுங்காமல் ஈறோரம் அதக்கிக்கொள்கிறவர்கள் வாயில் இப்படித்தான் வேகும். அப்பாவுக்கு அங்கே வலிக்கப் பல்லே இல்லை. விளக்கை அருகில் இழுத்தேன். அந்த வெள்ளையின் ஓரத்தில், துடைத்தாலும் போகாமல், மங்கலாக ஒரு ரோஸ் சாயம்.

ரத்தம் ஏன் நின்றது என்று எனக்குப் புரிந்தது.

விளக்கை அணைத்தேன். முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"எத்தனை நாளாப்பா?"

"எது பாப்பா?"

"எத்தனை நாளா மாத்திரையை இங்க ஒளிச்சு வெச்சுத் துப்புறீங்க?"

அவர் நாக்கு தானாக அந்தப் பள்ளத்தைப் போய்த் தொட்டது. கன்னத்தில் தெரிந்தது.

"ஆறு நாள்தான்."

"ஆறு நாளா!"

"கத்தாத. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாரு, பல்லுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சாறு நாள் நிறுத்தினா ரத்தம் வராதுன்னு. இன்னியோட முடிஞ்சிடும், நாளைக்குத் திரும்பச் சாப்பிட்டுக்கலாம்னு..."

"டாக்டர் என்ன சொன்னார்? ஒரு நாள்கூடக் கூடாதுன்னார்ல? உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. அதே மாதிரி இங்க இந்த டாக்டர் சொன்னதும் விழுந்துச்சே." நாற்காலிக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உன் கை நடுங்கல பாப்பா. என் வாய்க்குள்ளதானே இருந்துது, எனக்குத் தெரியாதா? நான்தான் நடுங்கினேன். அதைச் சொல்லலாம்னா வாயில பஞ்சு. என் ரத்தத்தால உன்னை அனுப்பிடுவாங்கன்னா, அதை ஒரு வாரம் நிறுத்தி வெச்சா என்ன போச்சு?"

"நீ போயிருவ! அதுதான் போகும்!"

அப்பாவை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார். வாயைத் திறந்தபடியே இருந்தார், நான் திறக்கச் சொல்லாமலே.

நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் யாருடனோ போனில் இருந்தார். நான் காத்திருக்கவில்லை.

"டாக்டர், அது என் கை பழகினதால இல்ல. ஆறு நாளா எங்கப்பா மாத்திரையே முழுங்கல. போன தடவை நீங்க என்னைத் திட்டினதைக் கேட்டுட்டு, எனக்கு வேலை போயிடும்னு நிறுத்தியிருக்கார். அவருக்கு ரத்தம் வரணும். நிக்காம வந்தாத்தான் அவர் உயிரோட இருக்கார்னு அர்த்தம். இதை அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. இப்ப நான் இதய டாக்டருக்குப் போன் பண்ணப் போறேன்."

அவர் போனை வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, அதை நான் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன். ஆனால் எழுந்து கார் சாவியை எடுத்தார். "ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம். நான் ஓட்டுறேன், நீ பின்னாடி அவர்கூட உக்காரு."

காரில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். நாடி ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாறுமாறாக அடித்தது.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார்.

"முதல்ல அவகிட்டதான் சொல்லப் போறேன்."

"அப்ப டாக்டர் என்னை அங்கேயே வெச்சுக்கட்டும்."

முன்னால் பெரிய டாக்டர் சிரிப்பை இருமலாக்கினார்.

இதய டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்தார், தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைத்தார், ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. "அதிர்ஷ்டம்," என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்று மட்டும் பொறுத்துக்கொண்டேன். அம்மா வந்து ஒரு வார்த்தை பேசாமல் கட்டில் அருகே உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து மாத்திரை கொடுத்ததும் என் வாய்க் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கடைவாய் வரைக்கும் விட்டுப் பார்க்கிறாள். பிடிக்கும் விதம் என்னைவிட நன்றாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மிச்சக் காறையை எடுத்தேன். இதய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்கு, பாதிச் சாய்வில். பள்ளம் ஆறி, பழையபடி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. முதல் பல்லைத் தொட்டதுமே ரத்தம் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. என் கோட்டில் தெறித்தது. ஒரு வாயில் ரத்தத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

முடித்துவிட்டுப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அழுத்திப் பிடித்தேன். இருபது நிமிஷம் அவரால் பேச முடியாது. இந்த வாய்ப்பை விடுவேனா?

"இனிமே பக்கத்துக் கட்டில்காரன் பேச்சைக் கேப்பீங்களா?"

தலையை இல்லை என்று ஆட்டினார்.

"வேலை போனா இன்னொண்ணு தேடிக்குவேன். உங்களை எங்க போய்த் தேடுவேன்? படிக்க வெச்சீங்களே, அதுக்கு நான் சொல்றதைக் கேக்க வேண்டாமா? வாய்க்குள்ள ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா? ஒளிக்கிறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?"

விரலைத் தூக்கினார், ஏதோ சொல்லப் பார்த்தார்.

"பேசக் கூடாது. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு, நான் இன்னும் முடிக்கல."

பெரிய டாக்டர் கதவோரம் நின்றார். என் கோட்டைப் பார்த்தார், தட்டில் குவிந்த பஞ்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அவசரமில்ல," என்றார். "அடுத்த ஆளை நான் பாத்துக்கிறேன்."

அவர் போனதும் அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் உதட்டை இறுக்கித்தான் பார்த்தார். முடியவில்லை. வாய் திறந்துகொண்டது. என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சிரிக்கும்போது பல்லெல்லாம் தெரிந்தது, காறை இல்லாமல், சிவக்கச் சிவக்க, கடைவாய்ப் பள்ளம் வரைக்கும். பஞ்சு நழுவி அவர் மடியில் விழுந்தது.

"மூடுங்கப்பா," என்றேன். "ரத்தம் வருது, வாயை மூடுங்க."

மூடவில்லை.