கழுவிய கல்

அய்யாவு உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவன் பெண்சாதி பேச்சியம்மாள் அழவில்லை, திட்டித் தீர்த்தாள். எத்தனை மாதமாகத் தேடுகிறாள், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? அன்றைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் பார்க்க, கங்காணி அவன் கன்னத்தில் அறைந்தான். இவன் திருப்பி அறைந்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியவன்தான். இப்போது ரப்பர் விலை விழுந்து தோட்டத்தையே இழுத்து மூடுகிறார்கள். அடித்த கங்காணி எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். மற்றவர்களுக்கு நாளை மறுநாள் சிங்கப்பூரில் கப்பல். ஊரில் தாயிடம் விட்டுவந்த மகள் இருக்கிறாள். அப்பன் எங்கே என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

தகவல் சொன்னவர் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு மீன் கொண்டுவரும் மலாய்க்காரர் பாக் லெமான். பழைய ஜொகூருக்குப் பின்னால், சீனனின் அன்னாசித் தோட்டத்தில் ஒரு தமிழன் தனியாகக் கிடக்கிறான் என்றார். பழைய ஜொகூர்தான் அவருக்குச் சொந்த ஊர். ஒரு காலத்தில் ராஜா இருந்த பட்டணமாம். பேச்சியம்மாளுக்கு ராஜாவும் வேண்டாம், பட்டணமும் வேண்டாம், வழி தெரிந்தால் போதும். விடிந்ததும் அவருடைய சம்பான் படகில் ஏறிவிட்டாள்.

கரையிறங்கிய பிறகு மனிதர் சும்மா வரவில்லை. மீன் விற்றுப் பழகிய தமிழில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார்.

"இந்த மண்மேடு பாத்தியா தங்காச்சி? கோட்டைச் சுவரு. இதுமேலதான் பீரங்கி வெச்சிருந்தாங்க. பறங்கிக்காரன் வந்து எல்லாத்தையும் எரிச்சிட்டான்."

மேடு முழுக்க மரமும் கொடியுமாக மண்டிக் கிடந்தது. காலடியில் நீலப் பூப்போட்ட பீங்கான் சில்லுகள் இறைந்திருந்தன. அவர் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தார். ராஜா வீட்டுத் தட்டாம். அவளும் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டுக் கீழே போட்டாள். எந்த ராஜா எந்தத் தட்டில் தின்றால் அவளுக்கென்ன?

"இன்னும் எவ்வளவு தூரம் பாக்?"

மேட்டைச் சுற்றித் திரும்பிய இடத்தில் ஒரு பெரிய மரம். அதன் அடியில் நிமிர்ந்து நின்ற கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எதிரில் சூடம் எரிந்த கரி, காய்ந்த எலுமிச்சம்பழம். பேச்சியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மரத்தடியில் கல் நின்றால் அது முனியாண்டிதான் என்று கையெடுக்கிற கூட்டம் அல்லவா தோட்டத்துக் கூட்டம்.

"என் வீட்டுக்காரருதான் பாக். பொட்டுக்குக் கீழ மூணு புள்ளி வெச்சிருக்கு பாருங்க. அவரு அப்படித்தான் வெப்பாரு."

பாக் லெமானின் முகம் கறுத்துவிட்டது.

"இது குபூர் தங்காச்சி. எங்க பெரியவங்க அடங்கியிருக்காங்க. இத யாரு செஞ்சதுன்னு எங்க கம்பத்து ஊரே கொதிச்சுப் போயிருக்கு. தெரிஞ்சா அவன விடமாட்டாங்க."

வாயைக் கொடுத்துப் புருசனை மாட்டிவிட்டோமே என்று பதறினாள். காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டார். கோபம் இருந்தது, ஆனால் கெட்ட மனிதர் இல்லை.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். உங்க ஆளு வெச்சத நீயே எடுத்துடு. சுத்தமா கழுவு. அப்புறம் அவன்கிட்ட கூட்டிப் போறேன்."

ஓடையிலிருந்து சிரட்டையில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாள். குபூரோ என்னவோ, பொட்டு வைத்துவிட்டால் அங்கே சாமி வந்து உட்கார்ந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "என்னை என்ன வேணா பண்ணிக்க, அவர விட்டுடு" என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் தேய்த்தாள். கல் பழையபடி வெறும் கல்லாகும்வரை தேய்த்தாள்.

அன்னாசித் தோட்டத்துக் குடிசையில் அய்யாவு எலும்பும் தோலுமாக இருந்தான். அவளைக் கண்டதும் கண் கலங்கினான். ஆனால் கப்பல் என்றதும் தலையை ஆட்டினான்.

"நான் வரல புள்ள. காய்ச்சல்ல அந்த மரத்தடிக் கல்லுகிட்டதான் கெடந்தேன். தண்ணி குடுக்க ஒரு ஆளில்ல. பொழைக்க வெச்சது முனிதான். மூச்சு இருக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை சூடம் ஏத்துறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அது முனி இல்லிங்க. மலாய்க்காரங்க குபூரு."

"யாரா இருந்தா என்ன? நான் கூப்பிட்டப்ப கேட்டது அது ஒண்ணுதான்."

மகளைச் சொன்னாள். கங்காணி போய்விட்டதைச் சொன்னாள். கெஞ்சினாள். எதற்கும் அவன் மசியவில்லை. வேறு வழி இல்லாமல் போனதும் அதையும் சொல்லிவிட்டாள்.

"சூடம் ஏத்த அங்க ஒண்ணும் இல்ல. நான் கழுவிட்டுத்தான் வந்தேன்."

அவன் அவளுடைய முந்தானையைப் பார்த்தான். அது மஞ்சளாக இருந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. வாசலில் நின்ற பாக் லெமான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அய்யாவு எழுந்து, கயிற்றில் கிடந்த சட்டையை இழுத்துத் துணிமூட்டை கட்டினான்.

"வர்றேன். மகளுக்காக வர்றேன். ஆனா அந்தக் கையால இனிமே எனக்குச் சோறு போடாத."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். கப்பலுக்கு ஆள் கிடைத்துவிட்டான். பேச்சியம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.