சாம்சனின் கருத்துகள்

லிங்கேஷ் தன் இணையதளத்தை மறுபடியும் புதிதாக்கி முடித்தான். இந்த முறை நிறம் இல்லை, படம் இல்லை, அசையும் எழுத்துகள் இல்லை. வெள்ளைத் தாள் போல ஒரு பக்கம். அதில் அவன் பெயர், செய்து கொடுத்த வேலைகள், எப்போதோ எழுதிய சில கட்டுரைகள். தொட்டவுடன் திறந்தது. மாடியறையில் உட்கார்ந்து திறந்தும் மூடியும் பார்த்தான். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சன்னல் வழியே தெருவைப் பார்த்தான். திருவேங்கடம் போகும் பஸ் ஒன்று மூலையில் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

சென்னைக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தவன். வெளிநாட்டுக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைப்பு ஓடியது. அவர்கள் முதலில் பார்ப்பது அவனுடைய சொந்த சைட்டைத்தான் என்பதால் அதைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தான். வேலை குறையக் குறைய அதை மாற்றுவது கூடிக்கொண்டே போனது.

"யாவாரம் இல்லாத கடைக்காரன் ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்க மாதிரில்லா இருக்கு" என்றாள் மனைவி விஜிதா, காபியை வைத்துக்கொண்டே.

"இது பெயிண்ட் இல்லட்டி. அஸ்திவாரத்தையே மாத்திருக்கேன்."

"யாரு பாக்கா?"

ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செத்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது.

சாம்சன் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ராஜபாளையம் ரோட்டில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் அதன் வாசகம் சாம்சனின் மெஷின் வழியாகத்தான் வெளியே வரும். ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்தது. சாம்சன் தானாக எழுதியது லிங்கேஷின் சைட்டில், ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருந்த கருத்துப் பெட்டியில் மட்டும்தான்.

லிங்கேஷ் ஆங்கிலத்தில் எழுதுவான். சாம்சன் தமிழில் பதில் போடுவான். கன்னத்தில் கைவைத்தபடி ஒரு புகைப்படத்தை லிங்கேஷ் முகப்பில் வைத்த அன்று, "என்னவே, பல் வலியா? பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல டாக்டர் இருக்காரு" என்று எழுதினான். நிறம் மாற்றிய அன்று, "போன வாட்டி நீலம், இந்த வாட்டி பச்சை. கடைக்கு வாலே, ஃபிளக்ஸ்ல அடிச்சுத் தாரேன். மழைக்கும் சாயம் போகாது" என்று எழுதினான். வாட்ஸ்அப்பில் இருவருக்கும் "டீ?", "வாரேன்" என்பதைத் தாண்டி எதுவும் இருக்காது. பேச்செல்லாம் அந்தப் பெட்டியில்தான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. யார் எழுதினாலும் சைட்டின் சொந்தக்காரன் ஒப்புதல் கொடுத்தால்தான் ஊருக்குத் தெரியும். அதுவரை எழுதியவனின் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும், கூடவே 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு வரியும் தெரியும். சாம்சன் எழுதியதில் ஒன்றுக்குக்கூட லிங்கேஷ் ஒப்புதல் கொடுத்ததில்லை. வேலை கொடுக்க வருகிறவன் தமிழ் தெரியாவிட்டாலும் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுவான், பல்வலியைப் படித்துவிட்டு என்ன நினைப்பான் என்று பயந்தான். சாம்சனிடம் அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் அந்தக் காத்திருப்பு வரியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டான். சாம்சன் தன் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் அவன் எழுதியது கட்டுரைக்குக் கீழே ஜம்மென்று நிற்கும். உலகமே படிக்கிறது என்று அவன் நம்பினான்.

போன வருடம் புளியங்குடியிலிருந்து பைக்கில் வரும்போது எலுமிச்சை ஏற்றிய லாரி ஒன்று மோதி சாம்சன் இறந்துபோனான். அவன் போனும் நொறுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கருத்துப் பெட்டியில் சூதாட்ட விளம்பரமும் மாத்திரை விளம்பரமும்தான் வந்து குவிந்தன. அதைத் திறக்கவே லிங்கேஷுக்குப் பிடிக்கவில்லை. புதிய சைட்டுக்குப் பெட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தான். கருத்துகளை மட்டும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, பழைய சைட் இருந்த சர்வரை ஒட்டுமொத்தமாக அழித்தான். அழித்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த வாரமே சாம்சனின் மனைவி பொன்செல்வி போன் செய்தாள். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணன், முத வருச நினைவுக் கூட்டம் வருதுல்லா. வாரவங்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன புக்கு போடணும். எல்லார் வீட்டுப் புக்குலயும் அதே நாலு பாட்டு, அதே வசனம். அவிய உங்க சைட்ல எழுதுனத எடுத்துப் போட்டா என்னன்னு தோணுச்சு. மக அப்பா என்ன எழுதுவாவன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"எனக்கென்ன சங்கடம்? எடுத்துத் தாரேன்மா" என்றான் லிங்கேஷ்.

"அவிய அதப்பத்தி அம்புட்டுப் பெருமையாச் சொல்லுவாவ. நான் எழுதுதத அமெரிக்காக்காரன் உக்காந்து படிக்கான்ட்டின்னு."

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தான். யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நன்றிகள் சில இருந்தன. சாம்சன் இல்லை. மேலும் கீழும் தள்ளினான், பெயரைப் போட்டுத் தேடினான். பிறகுதான் கை நின்றது. ஒப்புதல் கொடுத்த கருத்துகள் மட்டும்தான் கோப்பில் இறங்கியிருந்தன. காத்திருந்தவை சூதாட்ட விளம்பரங்களோடு சேர்ந்து போய்விட்டன.

தெரிந்த வழியெல்லாம் போய்ப் பார்த்தான். சர்வர்காரர்களுக்கு எழுதினான், அழித்தது அழித்ததுதான், வருந்துகிறோம் என்று பதில் வந்தது. இணையத்தில் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடங்களில் தேடினான். அவனுடைய நீலப் பக்கம் இருந்தது, பச்சைப் பக்கம் இருந்தது, கன்னத்தில் கைவைத்த படம்கூட இருந்தது. ஊருக்குக் காட்டாத ஒன்றை அங்கே யார் சேமித்திருக்கப் போகிறார்கள்? கருத்து வந்ததும் மின்னஞ்சல் வரும் வசதியையும், தொல்லை தாங்காமல், அவனே எப்போதோ நிறுத்தியிருந்தான்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. சாம்சனின் கடைக் கம்ப்யூட்டர். அவன் திறந்த பக்கங்களின் நகல் அதில் தங்கியிருக்கலாம். இப்போது கடையைப் பாண்டிராஜ் எடுத்து நடத்துகிறான். லிங்கேஷ் போனபோது அவன் ஒரு சடங்கு ஃபிளக்ஸில் தாய்மாமன்களின் முகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்கும் ஃபிளக்ஸா?"

"இல்லப்பா. சாம்சன் வச்சிருந்த பழைய சிஸ்டம் இருக்கா?"

"இந்தா, இதுதான். பொட்டி அதே பொட்டி. உள்ள எல்லாம் புதுசு."

"புதுசுன்னா?"

"வந்த அன்னைக்கே ஃபார்மட் அடிச்சிட்டம்லா. வைரஸ்னா வைரஸ், ஒரு போட்டோ திறக்க ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்." பாண்டிராஜ் நிமிர்ந்து பார்த்தான். "ஏன் அண்ணாச்சி, முக்கியமா எதும் இருந்துச்சா? டிசைன் பூராத்தையும் தனியா எடுத்து வச்சிருக்கேன். உங்க கல்யாண டிசைன்கூட கெடக்கு."

"ஒண்ணும் இல்ல" என்றான் லிங்கேஷ். பாண்டிராஜ் தெரிந்தவனுக்கு மரியாதையாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். லிங்கேஷ் உட்காராமல் வந்துவிட்டான்.

வீட்டில் நினைவிலிருந்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பல்வலி வந்தது. சாயம் வந்தது. இன்னும் இரண்டு கேலிகள் முக்கால்வாசி வந்தன. ஆனால் நீளமாக எழுதிய ஒன்று உண்டு. பெரிய வாடிக்கையாளன் ஒருவன் பாதியில் விட்டுப் போனபோது, இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கு இல்லையோ என்று லிங்கேஷ் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். அதற்குக் கீழே சாம்சன் கேலி இல்லாமல் எழுதினான். 'மக்கா' என்று தொடங்கியது. லிங்கேஷ் அதை ஒரே ஒரு தடவை படித்தான். அதையும் முடிவுவரை படிக்காமல் மூடிவிட்டான். பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

'மக்கா' என்று தட்டினான். அதற்கு மேல் எழுதியதெல்லாம் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவனின் தமிழாக இருந்தது. சாம்சன் 'ஆகவே' என்று ஒரு நாளும் எழுதமாட்டான். முழுவதையும் அழித்தான். விஜிதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட நேராச் சொல்லிருங்க. இட்டுக்கட்டி எழுதிக் கொடுக்காதிய. பாவம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பொன்செல்வி நேராக வந்தாள். அவளை மாடியறையில் உட்காரவைத்து விஜிதா தண்ணீர் கொடுத்தாள். லிங்கேஷ் சைட்டை மாற்றியதையும் பழையது அழிந்துபோனதையும் சொன்னான். சொல்லும்போது எதற்கோ புதிய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்திருந்தான். அவள் கட்டுரையின் அடிவரை விரலால் தள்ளினாள். முடிவுக்குப் பிறகு வெள்ளையாக இருந்தது. அதையும் தள்ளிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழதான எழுதுவாவ?"

"ஆமா."

"திரும்ப எடுக்க முடியாதாண்ணன்? உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாம் பாத்துட்டேன்மா. முடியல. எனக்கு ஞாபகம் இருக்கதுல ரெண்டு எழுதித் தாரேன். பல் வலின்னு ஒண்ணு…"

அவள் சிரித்தாள். "அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ." உடனே அவள் முகத்தில் ஒரு யோசனை வந்தது. லிங்கேஷ் பயந்ததும் அதற்குத்தான்.

"அப்போ ஒண்ணு செய்யலாம்லா? அங்கன படிச்சவங்க யாராவது எடுத்து வச்சிருப்பாவ. அந்த அமெரிக்காக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கியளா? நான் வேணா ஒரு மெயில் எழுதித் தாரேன், எங்க சூப்பர்வைசர் இங்கிலீசுல நல்லா எழுதுவாரு."

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். நினைவுக் கூட்டம் முடியும்வரை அது தாங்கும். விஜிதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் படிக்கலம்மா" என்றான்.

"என்னது?"

"நான் அதெல்லாம் வெளியே தெரியாம வச்சிருந்தேன். அவன் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் தெரியும். படிச்சது நான் ஒருத்தன்தான்."

பொன்செல்வி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"அவியளுக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். டம்ளரை மேசையில் வைத்தாள். எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படி வரைக்கும் போனவள் நின்றாள்.

"மக வந்து கேட்டா, கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகி எல்லாம் போயிட்டுன்னு சொல்லுங்கண்ணன். நானும் அப்படித்தான் சொல்லப்போறேன். யாரும் படிக்கலங்கிறத மட்டும் சொல்லிராதிய."

"சரிம்மா."

"புக்குக்கு அந்த நாலு பாட்டே போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.