வாய் நிறையத் தண்ணீர்

பதில் சொன்னது யதுர்சிகா. ஆனால் ஒரு கணம் முன்னதாக அதே பதிலை இன்னொரு குரல் கிசுகிசுத்தது. கைப்பேசிக்குள் அன்ரோனெற்றுக்குத் தெளிவாகவே கேட்டது. யதுர்சிகாவின் தாய் நிருஷாவின் குரல்.

கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. புலமைப்பரிசில் சிறப்பு வகுப்பில் மிஞ்சியிருந்தது ஓரிடம். அதற்கு இரண்டே பிள்ளைகள் போட்டி. சூமில் இரண்டு சுற்று வாய்மொழிச் சோதனை. முதல் சுற்றில் அன்ரோனெற்றின் மகள் றொஷேல் பின்தங்கினாள்.

பின்னேரம் அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் நிருஷாவின் குரல் பதிவு வந்து விழுந்தது.

“மீன் வெட்டுற வீட்டில படிப்பு எங்க ஏறப்போகுது? பாவம், பிள்ளையைப் போட்டு வதைக்காதேங்கோ.”

றொஷேலும் அதைக் கேட்டாள். அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

அன்ரோனெற், சோதனை நடத்தும் றஸ்னா ரீச்சருக்கு அழைத்தாள்.

“நான் ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்ல ரீச்சர். அடுத்த சுற்றில அம்மாமாரையும் பிள்ளையளுக்குப் பக்கத்தில இருத்துங்கோ. வாய் நிறையத் தண்ணியோட. நானும் இருக்கிறன்.”

ரீச்சர் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

“ஓம். விழுங்கினாலும் துப்பினாலும் பிள்ளைக்கு இடமில்லை எண்டு சொல்லிவிடுறன்.”

வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால், வங்காலைக் கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்துக்குள் தாயும் மகளும் ஏறி இருந்தார்கள். திரையில் இரண்டு தாய்மார். நான்கு உப்பிய கன்னங்கள்.

முதலில் யதுர்சிகா.

“ஒரு பெட்டியில பன்னிரண்டு மாம்பழம். ஏழு பெட்டியில எத்தனை?”

பிள்ளை தாயைப் பார்த்தாள். நிருஷாவின் கண்கள் உருண்டன. விரல்கள் மெல்ல உயர்ந்தன.

“கை கீழ, நிருஷா,” என்றார் ரீச்சர்.

நிருஷா திடுக்கிட்டாள். மறுகணம் தண்ணீர் மூக்கால் சீறித் திரையை நனைத்தது.

அன்ரோனெற்றுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. இப்போது றொஷேலின் முறை. ஒரு துளி சிந்தினாலும் எல்லாம் போச்சு. வள்ளத்தின் விளிம்பை இறுகப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

றொஷேல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினாள். தாயின் பக்கம் திரும்பவேயில்லை. சொல்லிவிட்டாள்.

“இடம் றொஷேலுக்கு,” என்றார் ரீச்சர்.

அன்ரோனெற் மணலில் துப்பினாள்.

“நிருஷா அக்கா, தண்ணி காணாதெண்டால் சொல்லுங்கோ. ஒரு குடம் அனுப்பிவிடுறன்.”

பதிலுக்கு யதுர்சிகா விக்கி விக்கி அழுவதுதான் கேட்டது. றொஷேல் கைப்பேசியை நிறுத்தக் கை நீட்டினாள். அந்தக் கையை அன்ரோனெற் பிடித்துக்கொண்டாள்.

“இரு பிள்ளை. இன்னும் கொஞ்சம் கேப்பம்.”