கப்பல் செய்தி சொன்ன பெட்டி

இந்தக் காலத்தில் ஒரு பொருளை இரவல் கொடுத்தால் கொடுத்தபடியே திரும்பி வருமா? குடையைக் கொடுத்தால் கம்பி வளைந்து வரும், ஏணியைக் கொடுத்தால் ஒரு படி குறைந்து வரும். கேட்டால், "வாங்கும்போதே அப்படித்தானே இருந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். இந்தத் தீவில், டெலானிபூர் மேட்டில் குடியிருக்கும் ஒச்சப்பன் அதனால்தான் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. சாத்தம் ஜெட்டி என்கிற படகுத்துறையில் படகுக்குக் கயிறு போட்டு ஓய்வு பெற்ற மனிதர். போனை நம்ப மாட்டார், பேப்பரை நம்ப மாட்டார், பெற்ற மகனையே பாதிதான் நம்புவார். முழுசாக நம்பியது, எந்தக் கப்பல் எப்போது வரும் என்று ரேடியோ சொல்லும் கப்பல் செய்தி ஒன்றைத்தான்.

அந்த ரேடியோவைத்தான் அக்காள் மகன் சுதாகர் வந்து கேட்டான். கூடவே ஹெல்கா என்று ஒரு வெள்ளைக்காரி. ஆஸ்திரியாவிலிருந்து சுதாகரோடு சேர்ந்து வானொலிக் கலை செய்ய வந்திருக்கிறாளாம். கடலே இல்லாத நாடாம் அது.

"ரேடியோவுல என்னடா கலை? திருகுனா பாடும், திருகுனா நிக்கும்."

"இது எக்ஸ்பெரிமென்டல் மாமா, ஒங்களுக்குப் புரியாது. ரெண்டே நாள்ல தந்துருவோம்."

ஹெல்கா கைகூப்பி, "ஒச்சப்பன்ஜி, ப்ளீஸ்" என்றாள். ரசீது என்று சுதாகர் நீட்டிய இங்கிலீஷ் தாளில் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார். கொடுக்கிறவன் எதற்கு ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

இரண்டு நாளில் பெட்டி வந்துவிட்டது, துடைத்துப் பளபளவென்று. அதுவே அவருக்குச் சந்தேகம்.

அந்த வாரம் அவர் மனைவி செல்லம் சென்னையில் கண் ஆபரேஷன் முடித்துக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தாள். மறு கண்ணும் மங்கல். கப்பல் ஏறும் முன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஹேடோ ஜெட்டியில நீங்க நிக்கணும். வேற எவன் கையையும் புடிச்சு நான் எறங்க மாட்டேன்." அதோடு போன் அடங்கிப் போனது.

செவ்வாய் மாலை ரேடியோ சொன்னது: சென்னைக் கப்பல் வியாழன் மாலை நான்கு மணிக்கு வரும்.

"நாளைக்குக் காலையிலன்னு மொபைல்ல போட்டிருக்குண்ணே" என்றான் பக்கத்து வீட்டு நாகராஜ்.

"ஒன் மொபைலு பக்வாஸு, சும்மா ஒளறும். போய்ட்டு வா."

புதன் பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஜெட்டியில் மூட்டை தூக்கும் பெங்காலிக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் கட்டோடு செல்லம் இறங்கினாள்.

"ஒரு மணி நேரம் நின்னேன். வந்தவன் போனவனெல்லாம் 'அம்மா, கஹாங் ஜானா ஹை, எங்க போவணும்'ங்குறான். எம் புருசன் வருவாருன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

"ரேடியோ வியாழன்னு சொல்லுச்சு, செல்லம்."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? நாப்பது வருசமா அதுதானே ஒங்களுக்குப் பொங்கிப் போட்டுச்சு?"

அவர் பெட்டியைத் திருகினார். சென்னைக் கப்பல் திங்கள் காலை வரும் என்றது. மறுபடி திருகினார். ஞாயிறு என்றது. முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே தீப்பெட்டி அளவில் புதுசாக ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது.

செல்லம் திட்டி முடிப்பதற்குள் சுதாகரும் ஹெல்காவும் ஸ்கூட்டரில் வந்து குதித்தார்கள். பெட்டிக்குள் மைக்கும் இருந்ததாம்; அவர் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் தாள் அதற்கெல்லாம் சம்மதமாம். பக்கத்துப் புரோத்ராபூரில் அறை எடுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஹெல்காவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"போன மாசச் செய்தியெல்லாம் ரெக்கார்ட் பண்ணி, கலைச்சுப் போட்டு, பெட்டிக்குள்ள ஓட விட்டோம் மாமா. ப்ராஜெக்ட் பேரு 'காத்திருத்தல்'. அத்தை திட்டுனது இருக்கே, அதுதான் க்ளைமாக்ஸ்! அவ ஊரு வியன்னாவுக்கு ஒங்கள வரச் சொல்றா. மேடையில நீங்க சும்மா உக்காந்து காத்திருந்தாப் போதும்."

"காத்துக் கெடந்தவ இவ. நான் வீட்டுல குறட்டை விட்டேன். அதுகூடத் தெரியாம என்னத்தடா கேட்டீங்க?"

சுதாகர் அதை மொழிபெயர்த்தான். ஹெல்கா சிலிர்த்துப்போய் இன்னொரு முறை சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினாள்.

ஒச்சப்பன் பெட்டியை அவள் கையிலேயே வைத்துவிட்டு, செல்லத்தின் பக்கம் கையை நீட்டினார். "வா, ஆஸ்பத்திரியில கட்டைக் காட்டணும்ல."

செல்லம் கொஞ்ச நேரம் பிடிக்கவில்லை. பிறகு விரலை மட்டும் பிடித்தாள். இருவரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள்.

"கடலு இல்லாத ஊர்க்காரிக்குக் கப்பல் செய்தி எதுக்குங்குறேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.